கொடிமரத்துக்கு முன் ஒரு துண்டு பை

இன்று காலை பெக்கான் பருப்பை நெய்யில் வறுத்து, வெல்லப்பாகை ஊற்றினேன். அந்த வாசனை எழுந்ததுமே நீ பின்னால் வந்து நின்று, "அடி பிடிக்குது பாரு புள்ள" என்று சொல்வது போலிருந்தது. அடி பிடிக்கவில்லை. என் கையில் ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனாலும் நீ சொல்லாமல் இருந்ததில்லை. இன்று கோவில் கொடிமரத்தைப் புதுப்பித்து மறுபடி நிறுத்துகிறார்கள். அங்கே வெட்டப்போகும் அமெரிக்கப் பலகாரம், இந்தப் பெக்கான் பை, என் பொறுப்பு.

தொண்ணூறுகளின் கடைசியில் இந்த டெக்சஸ் ஊரில், ரவுண்ட் ராக்கில், தடுக்கி விழுந்தால் ஒரு கம்ப்யூட்டர்காரர் மேல்தான் விழ வேண்டும். அந்த ஊரில் நீ ஒருத்திதான் பழைய கிரேன் ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டவள். திருச்செங்கோட்டில், போர்வெல் போடும் லாரிகளுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. கிரீன் கார்டு வந்த கையோடு வேலை தேடிக்கொண்டிருந்த என்னை போன் எடுக்க உட்கார வைத்தாய். கிரேனை ஓட்ட எர்ல் இருந்தார். பேச்சே இல்லாத, மலை மாதிரி டெக்சஸ்காரர். கம்பெனி அவ்வளவுதான்.

அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கடைசிப் பாரம் ஏறி முடிந்ததும், வேலை கொடுத்தவர் பெக்கான் பை கொண்டுவந்து வெட்ட வேண்டும். அந்தப் பக்கத்துக் கட்டட வேலைக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் என்றார். நமக்கென்ன, தின்ன கசக்குமா?

பிறகு கோவிலில் கொடிமரம் நிறுத்தும் வேலை வந்தது. நம்மவர்கள் நம்பிக் கொடுத்த முதல் வேலை. பொம்பளைகள் நடத்தும் கிரேன் எப்படி இருக்குமோ என்று கமிட்டியில் இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள். இது கெட்டால் நம்மவர்கள் வேறு எந்த வேலைக்கும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். நீ மரத்தின் எடையைக் கணக்குப் போட்டாய். கோவில்காரர்களுக்கு எர்லின் வழக்கம் தெரியாது என்பதால், நான் பையைப் பற்றிக் கவலைப்பட்டேன். கோவில் வளாகத்தில் முட்டை ஆகாது, முட்டை இல்லாமல் பெக்கான் பை ஆகாது.

ஒரு வாரம் உன் வீட்டு அடுக்களையில் கூத்தடித்தோம். வெல்லமும் சோளமாவும் வைத்துச் செய்த முதல் பை கடலை மிட்டாயாக இறுகிவிட்டது. கத்தி வளைந்ததே தவிர பை அசையவில்லை. "இத எடுக்கறதுக்கே கிரேன் வேணும்போல இருக்குது" என்று நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். தேங்காய்ப்பால் சேர்த்த பிறகுதான் வழிக்கு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குள் முகூர்த்தம். நாதஸ்வரக்காரர் டாலஸிலிருந்து வந்திருந்தார். கூட்டம் பட்டுப்புடவையில் காத்திருந்தது. காற்றின் வேகம் பார்க்கக் கிரேன் கையின் நுனியில் கட்டிய கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நீ அதைப் பார்த்தாய், எர்லைப் பார்த்தாய், வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டாய். அவ்வளவு நீளமான மரம் காற்றில் சுழன்றால் கயிற்றைப் பிடிப்பவர்களால் நிறுத்த முடியாது என்று கமிட்டித் தலைவரிடம் சொன்னாய். அவர் பெரிய இதய டாக்டர். 'முடியாது' என்ற சொல்லைக் கேட்டுப் பழக்கமில்லாதவர்.

"அஞ்சு நிமிஷ வேலைம்மா. சுவாமி பாத்துப்பார்."

"சாமி பாத்துக்குவாருங்க அங்கிள். கீழ நிக்கற குழந்தைங்கள நாந்தானுங்க பாக்கோணும்."

தலைவர் முகம் சிவந்துவிட்டது. வேறு கிரேன் கூப்பிட்டிருக்கலாம் என்று யாரோ நம் காதில் விழும்படியே சொன்னார்கள். நீயோ என் பக்கம் திரும்பி, கல்யாண வீட்டில் இலை போடச் சொல்வது மாதிரி, "பைய வெட்டு புள்ள" என்றாய். பாரம் ஏறுவதற்கு முன் பை வெட்டி வாழ்நாளில் பார்த்ததில்லை என்று எர்ல் முனகினார். முனகிக்கொண்டே தட்டை நீட்டினார்.

பத்தரை மணி எல்லோர் கண் முன்னாலும் கடந்து போனது. காற்று எதையும் கவிழ்க்கவில்லை. நீ சொன்னது சரிதான் என்று காட்ட ஒரு சாட்சிகூட இல்லை. கொஞ்சம் பேர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். தலைவர் பையைத் தொடவில்லை. குருக்கள்தான் இரண்டாவது துண்டையும் முடித்து, விரலை நக்கியபடி, "எமகண்டம் கழிஞ்சு ரெண்டு மணிக்கு மேல ஒரு நல்ல லக்னம் இருக்கு. யாரும் கேக்கலையேன்னு சொல்லலை" என்றார். அவர் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு.

இரண்டரைக்குக் காற்று அடங்கியது. மரம் ஆடாமல் எழுந்து, பீடத்துக் குழியில் சமர்த்தாக இறங்கியது. அடங்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று வீட்டுக்குப் போகும்போது கேட்டேன். "நாளைக்குத் தூக்கறது. பைதான் மிச்சம் இருக்குதே" என்றாய். ஆனால் என் வீட்டுத் திருப்பத்தைக் கவனிக்காமலே தாண்டி ஓட்டிவிட்டாய். உனக்கும் பயம் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. உன்னை அன்றைக்குப் போல் நான் என்றும் நேசித்ததில்லை.

நீ போய் இது மூன்றாவது வருடம். இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். கிரேன் வந்து நின்றதும், இங்கேயே பிறந்து வளர்ந்த கமிட்டிப் பையன் ஒருவன், பாரம் தூக்கும் முன் பை வெட்டுவது ஆகமத்தில் உள்ள சம்பிரதாயம் என்று கிரேன்காரருக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தான். கிரேன்காரரும் பக்தியோடு தொப்பியைக் கழற்றினார். நான் திருத்தவில்லை.

அப்போது நம் பழைய தலைவர் வாக்கரை ஊன்றி மெல்ல என்னிடம் வந்தார். கண் அவ்வளவாகத் தெரிவதில்லை. கிரேன் நுனியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கொடி எப்படிம்மா அடிக்கறது?" என்று கேட்டார். கொஞ்சம் வேகமாகத்தான் இருக்கிறது என்றேன்.

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தட்டை நீட்டினார். "அப்ப பைய வெட்டு. அவ இருந்தா அதத்தானே சொல்லுவா."

வெட்டினேன். முதல் துண்டு அவருக்கு.