பின்வளவு அறையில் இன்னொருத்தி

2025 மே 6
அறை முடிந்துவிட்டது. பின்வளவில், வாவியைப் பார்த்தபடி, பலகைச் சுவரும் தகரக் கூரையுமாய். மேசை போட்டால் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். போதும். மெல்பேர்ன் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் தமிழ் படிப்பிக்கும்போது இனி மாமியின் டிவி நாடகம் குறுக்கே வராது. கதவைச் சாத்திவிட்டுத் தனியே சிரித்தேன். முப்பத்துநான்கு வயதில் எனக்கென்று ஒரு கதவு.

மே 14
மத்தியான வகுப்பில் இன்ஷிரா கேட்டாள்: "டீச்சர், பின்னால நிக்கிறது உங்கட மகளா?"
எனக்குப் பிள்ளை இல்லை. திரும்பிப் பார்த்தேன். பலகைச் சுவர்தான்.

மே 15
இன்று நான்கு பேர் கண்டார்கள். ஒருத்தி கை காட்டினாள் — எனக்கல்ல.

மே 16
"நெட் சரியில்ல ஷெரோன். படம் உடைஞ்சா அப்பிடித்தான்" என்கிறார் என் கணவர் டிலுக்ஷன். உடைந்த படத்துக்கு ரெட்டைப் பின்னல் எப்படி வரும்? இன்ஷிரா சொன்ன அடையாளம் அது. ஆறு வயதிருக்குமாம். இடது கையை நீட்டிக்கொண்டே நிற்கிறாளாம், யாரோ வந்து பிடிக்க வேண்டும் என்பதுபோல.

மே 19
வகுப்பின் பதிவைப் போட்டுப் பார்த்தேன். பிள்ளை இல்லை. நான் மட்டும். பாடம் வாசித்துக்கொண்டே, பன்னிரண்டாவது நிமிடத்தில், உட்கார்ந்திருந்த கதிரையை இழுத்து ஒதுங்குகிறேன். பின்னால் போகிற ஆளுக்கு வழிவிடுவதுபோல.
ஞாபகமே இல்லை. ஏன் ஒதுங்கினேன்? கர்த்தரே, நான் ஏன் ஒதுங்கினன்?

மே 20
அறைக்குப் போகவில்லை.

மே 24
மாமியிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். டிவியை நிறுத்திவிட்டு, "வளவு வித்த ஆக்களிட்டக் கேப்பம் மகள்" என்றார்.
கேட்டுவிட்டோம். அவர்களுக்கு முதல் இங்கே இருந்த குடும்பம் எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு கிரானுக்குப் போனதாம். இப்போது ஒரு மகள்தான் மிச்சமாம். பெயர் கண்ணகை.

ஜூன் 1
நாங்கள் சொல்லியனுப்பியதில் கண்ணகை அக்கா பஸ்ஸில் வந்தார். யாரும் காட்டவில்லை; நேரே பின்வளவுக்கு நடந்து அறை வாசலில் நின்றார்.
"இதிலதான் எங்கட வீடு. காத்துக்குச் சுவர் ஆடக்கொள்ள எல்லாரும் ஓடின. தங்கச்சிய நான்தான் கையில பிடிச்சிருந்தன். பவளம். ஆறு வயசு. எனக்கு ஒம்பது. கைய விட்டுட்டன் புள்ள. மறுகா திரும்பிப் பாக்கவுமில்ல."
நீட்டிய கையைப் பற்றி அதுவரை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் சொன்னேன். அக்கா அழவில்லை. "எந்தக் கை?" என்று மட்டும் கேட்டார்.
"இடது கை."
தன் வலது கையைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.
பின்னேரம் வரை பேச்சுச் சத்தம். ஒரு குரல்தான் கேட்டது. ஆனால் நிறுத்தி நிறுத்தி, மற்ற ஆள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பேசுகிற பேச்சு.

ஜூன் 3
"இன்னும் ரெண்டு நாள் இரிக்கன் புள்ள" என்றார். தேத்தண்ணீர் கொடுத்தேன். இடது கையால் வாங்கினார். வலது கை மடியில், எதையோ பொத்தியிருப்பதுபோல் மூடியிருந்தது.

ஜூன் 12
ரெண்டு நாள் பத்து நாளாகிவிட்டது. மேசையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். டிவியோடு மல்லுக்கட்டிப் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் இப்போது எதுவும் கேட்பதில்லை.
"ஆசைப்பட்டுக் கட்டின அறைய ஏன் குடுத்த நீ?" என்கிறார் டிலுக்ஷன். அழுகை வந்தது. என்ட அறைதானே! போய்ச் சொல்லத்தான் போனேன். வாசலில் நின்றேன். உள்ளே கண்ணகை அக்கா சிரிக்கும் சத்தம். அந்த முகத்தில் சிரிப்பு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.
திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 20
மத்தியானம் சோறு கொண்டுபோனேன். சோற்றுக் கோப்பையை அக்கா வாங்கி வைத்துவிட்டுத் தயங்கினார்.
"குறை நினைக்காத புள்ள. நாளையில இருந்து ஒரு கறி உறைப்பில்லாம ஆக்கித் தாறியா?"


ஜூன் 21
மீன் இரண்டு சட்டியில் வைத்தேன். ஒன்று உறைப்பில்லாத வெள்ளைக்கறி. அதில் மட்டும் முள் எடுத்துக் கொடுத்தேன்.