ஆற்றுக்குள் நின்ற வேப்பங்கன்றுகள்

ஓய், முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகக் கணினியில் வரைபடம் போட்டவன் நான்தான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிகிறேனே, அந்த முதல் படத்தை உம்மைத் தவிர இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. இன்று பீரோவை ஒதுங்கவைக்கும்போது, ஓரமெல்லாம் ஓட்டை போட்ட அந்தத் தாள் அந்துருண்டை வாசத்தோடு காலில் வந்து விழுந்தது. அதில் நீர் நட்ட வேப்பங்கன்றுகள் அத்தனையும் தாமிரபரணிக்கு நட்டநடுவே நிற்கின்றன.

தொண்ணூறுகளின் கடைசி. நீர் தாவரவியல் வாத்தியார், நான் புவியியல். வளாகத்தின் கிழக்குக் கோடிப் பொட்டலில் கன்று நட்டு, மழைத்தண்ணீர் இறங்கக் குழி வெட்டி, மூன்று வருஷமாகக் காத்துவந்தீர். அந்த இடத்தை வண்டி நிறுத்தக் கேட்டார் வளாகப் பொறியாளர். “அங்கன என்ன சார் இருக்கு? நாலு குச்சிதான நிக்கு” என்று கூட்டத்தில் சொல்லியும்விட்டார். அங்கே கன்றுகள் இருப்பதை அடுத்த கூட்டத்தில் நிரூபிக்காவிட்டால் புல்டோசர் வந்துவிடும்.

நேரே என்னிடம் வந்தீர். “உம்ம பெட்டியில ஏத்தி ஒரு படம் போட்டுத் தாரும்வே.”

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கணினி அறைக்குள் போக வேண்டும் என்றிருந்த காலம். அத்தனை பயபக்தி! வாசல் தூணிலிருந்து கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர் என்று ஒவ்வொரு கன்றுக்கும் நாடா பிடித்தோம். நீர் வெயிலில் நின்று கத்துவீர், நான் குடைக்குள் உட்கார்ந்து எழுதுவேன். உயிரோடிருப்பதற்குக் கறுப்புப் புள்ளி, பட்டுப்போனதற்கு வெறும் வட்டம். பட்டதை விட்டுவிடலாமே என்று பைய இழுத்தேன். “செத்ததும் நான் வச்சதுதானவே. போடும்” என்றீர்.

கிழக்கை வடக்கென்று தட்டியது நான். ஆறு இருப்பது வளாகத்துக்கு வடக்கே. அச்சாகி வந்த தாளை மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தீர். “ஏன்வே, நான் வேப்பங்கன்னு வச்சனா, கெண்டைக்குஞ்சு விட்டனா?” பழியைக் கணினிமேல் போட்டேன். அது வாய் திறக்கவில்லை.

திருத்திய படத்தோடு கூட்டத்துக்குப் போனோம். “பெட்டிக்குள்ள யாரு வேணும்னாலும் புள்ளி வைக்கலாம் சார்” என்றார் பொறியாளர்.

“எந்தப் புள்ளியில வேணும்னாலும் விரல வையும். அங்கன கூட்டிட்டுப் போறேன்” என்றீர் நீர்.

வைத்தார். உச்சிவெயிலில் துணைவேந்தர் முதற்கொண்டு எல்லாரும் நாடாவுக்குப் பின்னால் ஊர்வலம் போனோம். நாடா நின்ற இடத்தில் இடுப்பளவுக் கன்று. அடுத்த புள்ளியிலும் கன்று. மூன்றாவதாக மனிதர் குறும்பாக ஒரு வெறும் வட்டத்தில் விரலை வைத்தார். போய்ப் பார்த்தால் அங்கே காய்ந்த குச்சி ஒன்று, கச்சிதமாக!

அவர் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். “செத்ததையுமா சார் போட்டிருக்கீய?” கையிலிருந்த தம்முடைய வண்டி நிறுத்துமிடப் படத்தைச் சுருட்டிக்கொண்டார். அந்த இடத்தைத் தொடக்கூடாது என்று துணைவேந்தர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். கேண்டீனில் இருந்த அத்தனை பேருக்கும் நீர் வடை வாங்கிக் கொடுத்தீர், நான் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லிவைத்தேன். ஒரு வாரம் நமக்குக் கால் தரையில் பாவவில்லை.

நீர் போய்ச்சேர்ந்த பிறகும் உம்முடைய அந்த வெறும் வட்டம் என்னை விடவில்லை. எந்த அறிக்கை எழுதினாலும் கைகூடாத வேலையையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனதற்கு நீர்தான் பொறுப்பு, ஓய்.

கன்றுகள் இப்போது பெருந்தோப்பு. வளாகத்தில் அத்தனை குளிர்ந்த நிழல் வேறெங்கும் இல்லாததால், எல்லாரும் வண்டியை அங்கேதான் நிறுத்துகிறார்கள்.