நீ நின்னது போதும்மா

ஜூன் 4
காய் நறுக்கலாமென்று கத்தியை எடுத்தேன். மருமகள் பிடுங்கிக்கொண்டாள். "அத்தை, நீங்க போய் உட்காருங்க. அவர் பார்த்தா என்னைத்தான் திட்டுவார்." பிடுங்கியதுகூடப் பரவாயில்லை, அந்தச் சிரிப்பு! குழந்தையிடம் சிரிக்கிற சிரிப்பு.

ஜூன் 5
உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 9
மகன் வாங்கிப் போட்ட மெத்தை நாற்காலி. உட்கார்ந்தால் இடுப்பு உள்ளே புதைகிறது, முகவாய் மார்பில் இடிக்கிறது, பாதம் தரையில் படுவதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், ரிமோட், மாத்திரை, ஆளைக் கூப்பிட ஒரு மணி. மணியடிக்க இதென்ன பள்ளிக்கூடமா?

அவன் மனசு எனக்குத் தெரியாமல் இல்லை. துணிக்கடையில் முப்பது வருஷம் விற்பனைப் பெண்ணாக நின்றேன். சுவரில் சாய்ந்தாலே மேனேஜர் கத்துவார். வீங்கிய காலோடு நான் வீடு திரும்புவதைப் பார்த்து வளர்ந்தவன் இவன். "நீ நின்னது போதும்மா" என்கிறான். அதற்காக? அன்று உட்கார விடவில்லை, இன்று நிற்க விடவில்லை. என் காலைப் பற்றி எல்லோரும் முடிவெடுக்கிறார்கள், என்னைத் தவிர.

ஜூன் 17
நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கைப்பிடியை ஊன்றிப் பார்த்தேன், முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மறுபடி ஊன்றினேன், பொத்தென்று விழுந்தேன். கழிவறைக்குப் போக வேண்டும். மணியை அடிப்பேனா? மாட்டேன் — அடித்தேன். மருமகள் ஓடி வருவதற்குள் உடை நனைந்துவிட்டது.

பாவம், அவ முகங்கூடச் சுளிக்கல. துடைச்சு விட்டா. அதுதான் இன்னும் பத்திக்கிட்டு வருது. அன்பா இருக்கறவங்களை எப்படித் திட்டுறது?

ஜூன் 20
கணுக்கால் இரண்டும் வீக்கம். டாக்டரம்மா விரலால் அழுத்தினார். குழி அப்படியே நின்றது.

"நிக்கவே விடறதில்ல டாக்டர். முழு ரெஸ்ட்" என்றான் மகன், பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி.

"அதனாலதான் வீங்கியிருக்கு. நல்லவேளை, ரத்தம் உறையல. வயசானவங்க நாள் முழுக்க உட்கார்ந்தா ரத்தம் கால்லயே தேங்கும், தசை கரையும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கட்டும். நாற்காலி கெட்டியா, பாதம் தரையில படற மாதிரி இருக்கட்டும்."

அவன் முகம் செத்துப்போனது. காரில், "உனக்கு நல்லதுதானேம்மா செஞ்சேன்?" என்றான். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?" என்று கத்திவிட்டேன்.

ஜூன் 21
நின்றுகொண்டு காய் நறுக்கினேன். கோணல்மாணலாக வந்தது. யாரும் கத்தியைப் பிடுங்கவில்லை.

ஜூலை 26
போர்வை வாங்க மகனோடு துணிக்கடைக்கு நடந்தே போனேன். அவன் கையைப் பிடிக்க வரவில்லை. ஓரடி தள்ளிக் கூடவே வந்தான்.

கடையில் நின்றிருந்த பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உட்காருங்கம்மா" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் மகன் முந்திக்கொண்டான்.

"அம்மா நிப்பாங்க. நீங்க கொஞ்சம் உட்காருங்க."

அவள் பயந்துபோய் மேனேஜர் பக்கம் பார்த்தாள். அவர் முறைத்தபடி எழுந்து வர ஆரம்பித்தார்.

"நீ உட்காரும்மா, அவர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, நான் அவருக்கு எதிரே நடந்தேன்.