அப்புச்சி என்னோடு நடக்காத தெரு

அன்புள்ள அப்புச்சி,

எதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப்போகிறேன், உங்கள் பேத்தியின் பொறாமையையும் சேர்த்து.

இன்று சாயங்காலம் வாசலில் தைல வாசம் வந்தது. உங்களை நடக்கக் கூட்டிப்போகும் துரைசாமி தாத்தா நின்றிருந்தார். நீங்கள் இறந்த துக்கத்துக்கு வந்துபோன பிறகு அவர் நம் வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அந்த வாசம் பட்டதும், அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பொறாமைதான்.

பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்தே பனியன் தைத்து வாழ்ந்தவர் நீங்கள். புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஊசியும் கதிர் சிகிச்சையும் தொடங்கியதும் பிளாஸ்டிக் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டீர்கள். கால் வீங்கியது. பேச்சு குறைந்தது. "உட்கார்ந்தே இருக்காதீங்க. தினமும் கொஞ்சம் நடந்தா அசதி குறையும், மனசும் தெளியும்" என்று டாக்டர் சொன்னதை வீட்டில் நான்தான் பிடித்துக்கொண்டேன். பள்ளிவிட்டு வந்ததும் உங்கள் முன்னால் போய் நிற்பேன்.

"வாங்க அப்புச்சி, தெருக்கோடி வரைக்கும் போய்ட்டு வரலாம்."

"கால் வலிக்குது கண்ணு. நீ போய்ப் படி."

தினமும் இதே பதில்தான். ஆனால் சிகிச்சைக்குக் காத்திருந்த இடத்தில் உங்களுக்குப் பழக்கமான துரைசாமி தாத்தா, அதே நோய்க்காரர், வாசலில் நின்று குரல் கொடுத்தால் போதும்.

"ஏனுங்க, இன்னும் ஃபேனுக்குக் கீழயே குடித்தனமுங்களா?"

"ஆமாங்க. அந்த ஊசி போட்டதுலருந்து குப்பு குப்புன்னு வேர்க்குது."

"எனக்கு மட்டும் கொடைக்கானல்ல இருக்கறாப்புலயா இருக்குது? வேர்க்கறதே வேர்க்குது, நடந்தாவது வேர்க்கட்டும். கெளம்புங்க."

சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவீர்கள். கால்வலி எங்கே போனது? நம் தெருவில் இரண்டு வெள்ளை வேட்டிகளும் மறையும்வரை சன்னலில் நிற்பேன். திரும்பி வரும்போது உங்கள் முகம் தெளிந்திருக்கும். ஒரு தோசை கூடுதலாகவே சாப்பிடுவீர்கள். அம்மாவுக்கு அதில் சந்தோஷம். எனக்கோ உள்ளே எரியும். அவர் வெறும் ஆஸ்பத்திரிப் பழக்கம், நான் பேத்தி.

இன்று அவர் என்னைப் பார்த்து, "தனியாப் போகப் புடிக்கல அம்முணி. கூட வர்றியா?" என்றார். அம்மா போகச்சொல்லிக் கண் காட்டினாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போனேன்.

பாதித் தெருவில் சட்டென்று நின்றார். "நீ முன்னால போ கண்ணு. திரும்பிப் பாக்காத." காலி மனையின் வேலிப் பக்கம் ஒதுங்கினார்.

திரும்பி வந்ததும் அவராகவே சொன்னார்: "இந்த வைத்தியத்துல அடக்க முடியறதில்ல. உங்க அப்புச்சிக்கும் இதேதான். பேத்தி முன்னால வேட்டி நனஞ்சிருமோன்னு பயந்துட்டே இருந்தாரு. எங்கிட்ட என்ன வெக்கம்? ரெண்டு பேருக்கும் ஒரே வேலிதான்."

அப்புச்சி, உங்களுக்காகவும் நான் திரும்பிப் பார்க்காமல் நின்றிருப்பேனே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. தெருவிலிருந்த பனியன் கம்பெனிச் சுவரைப் பார்த்தபடி, எவ்வளவு நேரமானாலும் சரி என்று இன்று அவருக்காக நின்றேன். எனக்கு அப்படி நிற்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது.

காரணம் தெரிந்த பிறகும் பொறாமை போகவில்லை. உங்கள் நடையோடு உங்கள் பயத்தையும் அவருக்கே கொடுத்திருக்கிறீர்கள். அதில் எனக்கும் கொஞ்சம் வேண்டும். அதனால்தான் நாளைக்கும் வருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

எதிர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள். நானும் இத்தோடு நிறுத்துகிறேன், அப்புச்சி.