உள்பக்கத் தையல்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்று நான் சொல்லாமல் விட்ட ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன். புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ் என் ப்ராவை உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை யாரும்மா பிடிச்சுத் தைச்சது?" என்று கேட்டார். யார் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. "வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்றேன். திரைக்கு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

மார்பைச் சிறிதாக்கிய பிறகு தோள்வலி போனதைப் போனிலேயே சொன்னேன். புண்தான் ஆறவில்லை. இடது பக்கம், நேராக இறங்கும் தையலும் அடியில் வளைந்து போகும் தையலும் சேருகிற இடத்தில் வாய் பிளந்து நீர் கசிகிறது. அந்த இடம் கொஞ்சம் பிரிவது சகஜம் என்றுதான் டாக்டர் முதலில் சொன்னார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்து, சிகரெட் பிடித்தால் புண் ஆறாது, அந்தப் பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அம்மாவைத் தனியாக அழைத்தும் கேட்டாராம். இப்படியே இருந்தால் மறுபடி மயக்கம் கொடுத்துத் தைக்க வேண்டியிருக்கும் என்கிறார். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அவர் என்னைச் சந்தேகப்பட்டார், நான் அம்மாவை. ஆபரேஷன் என்றதும் அவள் சொன்னது நினைவிருக்கிறதா? "வெட்டிக் குறைக்கிறதுக்கு இது என்ன துணியாடி?" அப்படிச் சொன்னவள் இப்போது வேளைக்கு முட்டை அவித்துத் தருகிறாள். கையைத் தூக்கவிடுவதில்லை. ப்ராவைத் தானே வாங்கிப்போய்த் துவைக்கிறாள். காய்ந்ததும் அதோடு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். எதையாவது தடவுகிறாளோ என்று முகர்ந்துகூடப் பார்த்தேன். சோப்பு வாசனைதான்.

தடவவில்லை, தைத்திருக்கிறாள். அடிப்பட்டைக்கு மேல் இரண்டு பக்கமும் ஒரு மடிப்பு, பொடிப்பொடியாகக் கைத்தையல். அந்த மடிப்பு சரியாகப் புண்ணின் மேல் உட்காருகிறது. "இப்படி இறுக்கினா ரத்தம் எப்படி ஓடும்? ரத்தம் ஓடாம எப்படி ஆறும்?" என்றார் நர்ஸ்.

வீக்கம் வடிந்து ப்ரா தொளதொளவென்று ஆனது உண்மைதான். உடம்பு இளைத்து, தொளதொளத்த துணியோடு அவளிடம் தைக்க வருகிறவர்களுக்கு அவள் காலமெல்லாம் செய்துகொடுப்பதும் இதுதான். ஆனால் தையல் மெஷினை வைத்துக்கொண்டு ஏன் ஊசியை எடுத்தாள்? சத்தம் எனக்குக் கேட்கக்கூடாது என்றுதானே? ஆறாமல் கிடக்கட்டும் என்று நினைத்தாளா? எழுதவே கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "பாவம், கடைக்காரன் தலையில பழியைப் போட்டுட்டியே." அது கிண்டலா, ஒப்புக்கொண்டதா, எனக்குத் தெரியவில்லை.

நீ அம்மாவுக்குப் போன் செய்யும்போது இதைக் கேட்டுவிடாதே. சாப்பிட்டாயா என்று கேள், கண் எப்படி இருக்கிறது என்று கேள். உனக்கு என்ன தோன்றுகிறது என்பதை எனக்கு மட்டும் எழுது. அம்மாவைப் பற்றி நல்லதாக ஏதாவது எழுது, அக்கா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை

பி.கு: இதை எழுதிய மறுநாள், அம்மா துவைத்துப் போட்டிருந்த ப்ராவின் தையலைப் பிரிக்க பிளேடு எடுத்துக்கொண்டு கொடிக்குப் போனேன். நூல் ஏற்கெனவே உருவப்பட்டிருந்தது. ஊசித் துளைகள் மட்டும் இருந்தன. அதனால் கடிதத்தை மூன்று வாரமாக அனுப்பாமல் வைத்திருந்தேன். இன்று டாக்டர் பார்த்தார். புண் மூடிவிட்டது. இப்போது கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுகிறேன்.