சுற்றுவழியில் வந்த அரிசி

5ஆம் தேதி, சனிக்கிழமை

தோள் இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கின்றன. தைலம் தேய்த்தும் கேட்கவில்லை. மாசச் சாமானை வாஷி மொத்தச் சந்தையில் எடுத்தால் முந்நூறு ரூபாய் மிச்சமாகும் என்று பக்கத்து வீட்டு செல்வி சொன்னாள். அதை நம்பித் தனியாகவே போனேன். அரிசி மட்டும் பத்துக் கிலோ. திரும்பும்போது ரயிலில் உட்கார இடமில்லை.

சுனாபட்டி ஸ்டேஷனில் இறங்கி, சந்து முனையிலுள்ள அண்ணாச்சி கடையைத் தவிர்க்கச் சாக்கடை ஓரமாகச் சுற்றி வந்தேன். பதினோரு வருஷமாக அவரிடம்தான் வாங்குகிறோம். மூட்டையோடு அவர் கண்ணில் பட வெட்கம். பார்த்தால், யாருக்கோ சாமான் கொடுத்துவிட்டு அவரே சைக்கிளில் எதிரே வருகிறார்.

மூட்டையை வாங்கிக் கேரியரில் வைத்து, வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் இறக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நானும் அங்கனதாம்மா சரக்கெடுக்கேன். சொல்லியிருந்தா நம்ம டெம்போவுலயே போட்டுட்டு வந்திருப்பம்லா. இதுக்குப் போயி சுத்துவழில வாறியே."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அதான் முந்நூறு மிச்சமாச்சுல்லா, பேசாம படு" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

சாமானை டப்பாக்களில் கொட்டும்போதுதான் தெரிந்தது, புளி வாங்கவில்லை. நாளை ஞாயிறு, மீன்குழம்பு. விடிந்ததும் கால் கிலோ புளிக்கு அண்ணாச்சி கடையில்தான் போய் நிற்க வேண்டும்.