ஆமென் சொல்வதற்கு முன்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பாஸ்டர் ஒரு நோட்டீஸ் கொடுத்தார். ‘பிள்ளைகளை நற்குணத்தில் வளர்க்கப் பத்து ஆலோசனைகள்.’ இன்னும் சட்டைப்பையில்தான் கிடக்கிறது. முதலாவதே ‘தினமும் குடும்ப ஜெபம்’. அதற்குமேல் படிக்க எனக்குத் தெம்பில்லை. பத்தையும் நீதானே பார்த்துக்கொண்டாய். நான் ஆமென் சொல்கிற ஆள். நீ ஆண்டவரிடம் போனபின், இந்த ஒரு வருஷத்தில், நானும் நம் பையனும் சேர்ந்து முழங்கால் போட்டது ஒரே ஒரு தடவைதான்.

உன் ஜெபம் இருக்கிறதே, ஐயோ! பாதி ஸ்தோத்திரம், பாதி திட்டு. “ஆண்டவரே, டிபன் பாக்ஸ்ல இருந்த கத்தரிக்கா சாதத்த நாய்க்குப் போட்டுட்டு, சாப்ட்டேன்னு சொன்ன வாயையும் நீர் பாத்தீர்.” அவன் கண்ணை மூடியபடி நெளிவான். நான் சிரிப்பை அடக்குவேன். அடுத்தது நான் உன்னிடம் திட்டு வாங்கும் முறை. “ஆபீஸ் விட்டும் டீக்கடையிலயே உக்காந்திருக்கற மனுஷனையும் பாத்தீர்.”

“சாமிகிட்ட போட்டுக் குடுக்கறியே, நியாயமா?” என்று ஒருநாள் கேட்டேன். “நேரா சொன்னா கத்திடுவேங்க. அவர்கிட்ட சொன்னா எனக்கே கோவம் எறங்கிடுது” என்றாய். உண்மைதான். ஆமென் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். பிறகு குத்திக்காட்டவே மாட்டாய், சூடாகத் தோசை வந்துவிடும்.

போன மாதம் சிதம்பரத்திலிருந்து உன் தம்பி போன் செய்தான். “மாமா, பையன் யூனிபார்மோட இங்க பஸ் ஸ்டாண்டுல நிக்கறான். லீவா?” அன்று சாயங்காலம் தாமதமாக வீட்டுக்கு வந்த பையன், ஸ்பெஷல் கிளாஸ் என்றான். கண் இமைக்காமல் சொன்னான். இதை விட்டால் பொய் அவனுக்குப் பழகிவிடும் என்று தெரிகிறது. ஆனால் எப்படிக் கேட்பது? அவனை அதட்டி எனக்குப் பழக்கமில்லை. சும்மா இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவ்வளவு அசதி.

கடைசியில் உன் வழியிலேயே போவோம் என்று அவனையும் கூப்பிட்டு முழங்கால் போட்டேன். “ஆண்டவரே” என்றேன். அதற்குமேல் வரவில்லை. “இவன்கிட்ட எப்பிடி கேக்கறதுன்னு எனக்குத் தெரியல” என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டேன். பக்கத்திலிருந்து அவன் குரல் வந்தது.

“ஆண்டவரே, அப்பா கேட்டா நான் சொல்லிடுவேன்.”

நான் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து அவன் பக்கம் திரும்பினேன். “எங்கடா போன?”

“சிதம்பரம். சும்மா பஸ்ல போனேன், அடுத்த பஸ்ல வந்துட்டேன். வீட்டுக்கு வரவே புடிக்கலப்பா. வந்தா நீ டிவிய பாத்துட்டு ஒக்காந்திருக்க. என்னடான்னு ஒரு வார்த்த கேக்கறியா?”

பொய் சொன்னது தப்பு என்றேன். தலையாட்டினான். பிறகு இருவரும் அழுதோம், மறைப்பானேன்.

அன்றிலிருந்து தினமும் கேட்கிறேன். ஸ்கூலில் என்ன, யாரோடு சண்டை, என்ன சாப்பிட்டாய். உன்னைப்போல் ஆண்டவரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ள எனக்கு வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறேன். சில நாள் வாயைத் திறக்கவே சலிப்பாக இருக்கிறது. நேற்று சாப்பிட்ட கையோடு நாற்காலியிலேயே அசந்துவிட்டேன். அவன் வந்து தோளைத் தொட்டான்.

“இன்னக்கி நீ கேக்கவே இல்லப்பா.”